மறு: 'திக் ஆஸ் தீவ்ஸ்' – தமிழில் எந்தத் தொடர்?

அனைவருக்கும் வணக்கம். 'திக் ஆஸ் தீவ்ஸ்' (thick as thieves: திருடர்களைப் போல மிக நெருக்கமான) என்ற ஆங்கிலத் தொடருக்கு நம் அகராதியில் எந்தத் தமிழ்த் தொடரைப் பதிவது என்று பேசிக்கொண்டிருந்தோம்; வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> 'நகமும் சதையும் போல' என்று பதிந்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே?

போகலாம் ஐயா, ஆனால் பாதிப் பொருள்தான் வரும். நகமும் சதையும் பிரியாமையைச் சொல்லும்; அதில் கள்ளச் சிரிப்பு கிடையாது. 'ஈருடல் ஓருயிர்' இன்னும் மோசம், திருமண வாழ்த்து மடல் வாசனை அடிக்கிறது. ஆங்கிலத் தொடரில் 'ரெண்டு பேரும் ரொம்பத்தான் ஒட்டு, நம்மை விட்டுவிட்டு ஏதோ குசுகுசுக்கிறார்கள்' என்ற லேசான பொறாமையும் உண்டு.

> 'கெட்டித் திருடர்'?

சரிவராது. இங்கே திக் என்பது தடிமன் அல்ல. 'மிக நெருங்கிய' என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டிலேயே அதற்கு வந்துவிட்டது. 'அவங்க திக் ஃப்ரெண்ட்ஸ்' என்று நாம் சொல்வதும் அதே திக்தான்.

திருடர்கள் பிற்பாடு வந்து சேர்ந்தவர்கள். அதற்கு முன்பே, 'இங்கிள்' என்ற ஒடுக்கமான லினன் நாடாவை நெய்தவர்களை நெருக்கத்துக்கு உவமை சொல்லியிருக்கிறார்கள். தறி குறுகலானது, அதனால் நெசவாளர்கள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்பது வழக்கமான விளக்கம். நாடாத் தொழில் மறைய, உவமையும் மறைந்தது. 1833இல் ஆங்கில எழுத்தாளர் தியோடர் ஹூக் தம் நாவலில் திருடர் தொடரை எழுதும்போதே 'பழமொழி சொல்வதுபோல' என்று ஒட்டுப் போடுகிறார். ஆக, அப்போதே அது பழகிய வழக்கு. பிரெஞ்சிலும் 'சந்தையில் கூடிய திருடர்போல ஒத்துப்போவது' என்று ஒரு தொடர் உண்டு. சந்தைக் கூட்டத்தில் ஒருவன் பராக்குக் காட்டினால்தானே மற்றவன் மடியில் கைவைக்க முடியும்? பேச்சே இல்லாத அந்தப் புரிதல்தான் இந்த உவமைக்கு உயிர்.

அதனால் என் பரிந்துரை: கூட்டுக்களவாணிகள் போல.

களவாணி கொச்சை என்று தள்ள வேண்டாம். மூலமும் பேச்சு வழக்குதான், செந்தமிழில் பெயர்த்தால் குறும்பு போய்விடும். அரசியல் மேடையில் 'கூட்டுக்களவாணிகள்' என்றால் நேரடிக் குற்றச்சாட்டு ஆயிற்றே என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. 'போல' சேர்ந்தால் அந்தக் கடுமை இறங்கிவிடும் என்பது என் எண்ணம். 'அக்காவும் தம்பியும் கூட்டுக்களவாணிகள் போல. முறுக்கு டப்பா காலியானால் ரெண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்வார்கள்' என்றால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

நிஜமான சதிக்கு 'ஹேண்ட் இன் க்ளவ்' (hand in glove: உறைக்குள் கைபோல) என்ற ஆங்கிலத் தொடர் தனிப் பதிவாக இருக்கிறது. அதற்கு 'உடந்தையாக' போதும், இரண்டையும் குழப்ப வேண்டாம்.

'நகமும் சதையும் போல' என்பதை 'ஒப்புநோக்குக' என்று அடியில் வைக்கலாம். 'சேக்காளி' தென்மாவட்ட வழக்கு, எனக்குப் பிடித்த சொல்லும்கூட. ஆனால் அது வெறும் நண்பன்தான், இங்கே வேண்டாம். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு எழுதுங்கள். வெறும் சொல்லை மட்டும் அனுப்பினால் எடைபோட முடிவதில்லை.