அம்மா சாய்ந்திருப்பது போல ஓர் ஓவியம், யோசனை சொல்லுங்கள்

கித்தாமரத்தான், சுங்கை சிப்புட்:
வணக்கம். தீபாவளிக்குள் அம்மாவை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து வாங்க ஆசை, ஈப்போவில் ஓர் ஓவியர் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்துவிட்டு வந்து அஞ்சடியில் (வீட்டு முன்தாழ்வாரத்தில்) ஈசி சேரில் கைலியோடு சாய்வாரே, வேலையை விட்ட பிறகும் மத்தியானம் அதே சாய்வுதான், எனக்கு அது அப்படியே வேண்டும். அக்காவோ பட்டுச்சேலை, நகை, நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் மரியாதை என்கிறார். சாமி மேடை இருக்கும் ஹாலில் இதை மாட்டுவதா என்று மாமா வேறு. கைப்பேசியில் எடுத்தால் பாதம் பூதம் மாதிரி வருகிறது, முகம் சின்னதாகிவிடுகிறது.

தூரிகை:
நகை இல்லாவிட்டால் மரியாதை போய்விடுமா? அமெரிக்க ஓவியர் விஸ்லர் 1871இல் தன் தாயை வரைந்தபோது கறுப்பு உடை, வெள்ளைத் தொப்பி, மடியில் கை, அவ்வளவுதான், அதைத்தான் 1891இல் பிரெஞ்சு அரசு வாங்கியது, இன்றைக்கும் பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் இந்திய ஓவியர் அம்ரிதா ஷெர்கில் 1940இல் வரைந்ததைப் பாருங்கள், கயிற்றுக் கட்டிலில் சிவப்பு உடையில் ஒரு பெண் படுத்திருப்பார், பக்கத்தில் விசிறியோடு இன்னொருத்தி. டில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் இருக்கிற படம் அது.

மாமா சொல்வதில் பாதி சரி. சாமி மேடைப் பக்கம் மாட்டாதீர்கள், விளக்குப் புகையும் சாம்பிராணியும் படிந்து படம் கறுத்துப் போகும். மழை ஓதம் ஏறும் சுவரும் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். எண்ணெய் வண்ணம் உள்வரை காயப் பல மாதம் ஆகும், அதனால் வார்னிஷை தீபாவளிக்கு முன்னால் அவசரப்பட்டு அடிக்கச் சொல்லாதீர்கள்.

பழைய ஸ்டூடியோக்காரன்:
கால்மாட்டில் நின்று கிட்டப் போய் எடுத்தால் பாதம் பெரிதாகத்தான் வரும். பக்கவாட்டில் மூன்று மீட்டராவது தள்ளிப் போய், ஜூம் வைத்து, அம்மா முகம் இருக்கும் உயரத்தில் எடுங்கள். பிளாஷ் வேண்டவே வேண்டாம், பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம்தான் முகத்துக்கு மேடு பள்ளம் கொடுக்கும். கையைத் தனியாக நாலைந்து படம் எடுத்துக் கொடுங்கள், ஆயுசுக்கும் பால் வெட்டும் கத்தி பிடித்த கை, ஓவியர் குத்துமதிப்பாகப் போட்டால் யாரோ டீச்சர் கை மாதிரி ஆகிவிடும் லா.

தைப்பிங் அக்கா:
எல்லாம் சரி தம்பி, அம்மாவைக் கேட்டீர்களா?

கித்தாமரத்தான், சுங்கை சிப்புட்:
கேட்டேன் அக்கா. நாற்காலி சரியாம், கைலி கூடாதாம், மெல்லிய வாயில் துணிப் புடவைதான் கட்டுவாராம், கோப்பி மங்கு (காப்பிக் கோப்பை) கையெட்டும் தூரத்தில் தெரிய வேண்டுமாம். எங்கள் வீட்டு அக்காதான் இன்னும் இறங்கி வரவில்லை. அப்புறம், ஹாலுக்கு வேண்டாம் என்றால் படுக்கையறைச் சுவருக்கு என்ன அளவு வைக்கலாம்?