மண்டபம் பக்கம் யாராவது இருக்கிறீர்களா? அம்மாவுக்காகக் கேட்கிறேன்

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு ஊர் ராமநாதபுரம் பக்கம் மண்டபம். தம்பிக்கு மனச்சிதைவு நோய், ஆறு வருடமாக வைத்தியம் பார்க்கிறோம். மாத்திரை ஒழுங்காகப் போட்டால் அமைதியாக இருப்பான், உட்கார்ந்து வலைகூடப் பின்னுவான். நான் கேட்க வந்தது அம்மாவைப் பற்றி.

அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் வருமானம் இல்லை. அம்மா நண்டு கம்பெனிக்கு வேலைக்குப் போனார். ஒரு ராத்திரி தம்பி கரையோரமாகவே நடந்து காணாமல் போனான். அன்றோடு வேலையை விட்டுவிட்டார். இப்போது கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுத்தான் படுக்கிறார். ஒரு கல்யாணம், காதுகுத்துக்குப் போய் நாலு வருடமாகிறது.

ஏர்வாடியில் விட்டுவிடச் சொல்கிறார்கள் சொந்தக்காரர்கள். தர்காமேல் அம்மாவுக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் சங்கிலியோடு கிடந்தவர்கள் உட்பட 28 பேர் தீயில் இறந்ததை இந்தக் கரையில் யார் மறப்பார்? சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலச் சட்டமே தடுக்கிறது. அவனை எங்கும் விட மாட்டோம்.

மனநோய்க்கும் மாற்றுத்திறனாளி அட்டை உண்டு. ராமநாதபுரத்தில் வாங்கியவர்கள் இருந்தால், என்னென்ன கொண்டுபோக வேண்டும், எத்தனை தடவை அலைந்தீர்கள் என்று சொல்லுங்கள். அப்புறம், பாம்பன், உச்சிப்புளி பக்கம் பகலில் நாலு மணி நேரம் அவனோடு இருக்க நம்பிக்கையான ஆள் கிடைப்பாரா? சம்பளம் தருகிறோம்.

அரசின் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிட்டேன், தமிழிலேயே பொறுமையாகப் பேசினார்கள். அம்மாதான் வாய் திறக்கவில்லை. இதே நிலையில் இருக்கும் இன்னொரு அம்மா பேசினால் பேசுவார். அப்படி யாராவது இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள் அக்கா.