பள்ளி விண்ணப்பத்தில் தாய்மொழி: கன்னடமா, தெலுங்கா, தமிழா?

திருப்பூர் அம்மா:
வணக்கமுங்க. நான் பிறந்தது சிறுமுகை, தேவாங்கர் நெசவுக் குடும்பம், வீட்டில் கன்னடம். வீட்டுக்காரர் உடுமலைப் பக்கம், அவங்க வீட்டில் தெலுங்கு. கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது தமிழ்தான். பையனை எல்கேஜியில் சேர்க்க விண்ணப்பம் வாங்கினேன். தாய்மொழிக்கு ஒரே ஒரு கட்டம். தமிழ் என்று போடு, இல்லாவிட்டால் பின்னாடி சிக்கல் வரும் என்கிறார் நாத்தனார்.

எங்கப்பா தறியில் உட்கார்ந்தால் இழை எண்ணுவது கன்னடத்தில், கூலி பேசப் போனால் தமிழில். இரண்டிலும் தடுமாறி நான் பார்த்ததில்லை. ஆனால் எங்களில் யாருக்கும் கன்னடம் எழுதப் படிக்கத் தெரியாது. எழுதத் தெரியாததைப் பிள்ளைக்குக் கொடுத்து என்ன பிரயோஜனம் என்று வீட்டுக்காரர் கேட்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

தாளவாடி ஆசிரியர்:
உள்ளதை எழுதுங்க அம்மிணி. கன்னடம் என்று எழுதினால் பையனுக்குத் தமிழ் இல்லாமல் போய்விடாது. 2006-இல் வந்த சட்டத்தால் இங்கே பள்ளியில் தமிழ் கட்டாயப் பாடம்.

ஆனால் கட்டத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சின்ன வயதில் அம்மா பிள்ளையிடம் பேசிய மொழியைத்தான் தாய்மொழி என்று குறிக்கிறார்கள். சாதியையோ அப்பன் ஊரையோ பார்ப்பதில்லை. 2011 கணக்கெடுப்பில் அதுபோக இன்னும் இரண்டு மொழி சொல்லவும் இடம் இருந்தது. நீங்கள் பையனிடம் எதில் பேசுகிறீர்கள்? தமிழில் மட்டும் என்றால், அவனுக்குத் தாய்மொழி தமிழ்தான். திருப்பூரில் தெருவும் பள்ளிக்கூடமும் தமிழைக் கொடுத்துவிடும். கன்னடம் கொடுக்க உங்களை விட்டால் ஆளில்லை. எங்கள் மலையில் பிள்ளைகள் கன்னட வழியில் படிக்கின்றன, கடைக்கு வந்தால் ஆளைப் பார்த்து மொழியை மாற்றிக்கொள்கின்றன. குழம்பி நான் பார்க்கவில்லை.

கோபிக்காரர், சிங்கப்பூர்:
இங்கே பள்ளியில் தாய்மொழி ஒரு பாடம். சீனம், மலாய், தமிழ். தமிழல்லாத இந்தியப் பிள்ளைகளுக்கு இந்தி, வங்காளம், குஜராத்தி, பஞ்சாபி, உருது உண்டு. தெலுங்கும் கன்னடமும் அந்த வரிசையில் இல்லை. பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பையன் தமிழ் எடுத்து நன்றாகவே படிக்கிறான். பாட்டியிடம் தெலுங்கு விடவில்லை, ஏனென்றால் அவனுடைய அம்மா விடவில்லை. பள்ளி எல்லாவற்றையும் தராதுங்க.

திருப்பூர் அம்மா:
ரொம்ப நன்றிங்க. கன்னடம் என்றே எழுதிவிட்டேன். இனி நான் கன்னடத்தில் பேசுகிறேன், அவர் தெலுங்கில் பேசட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவரும் சரி என்றார். எழுத்து பழக நானே முதலில் படிக்கலாம் என்று பார்க்கிறேன். புத்தகம் எங்கே கிடைக்கும்?

தாளவாடி ஆசிரியர்:
தமிழ்நாட்டுப் பாடநூல் கழகமே கன்னட வழிப் புத்தகங்கள் போடுகிறது. ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தில் ஆரம்பியுங்க. எழுத்தில் சந்தேகம் வந்தால் இங்கேயே படம் எடுத்துப் போடுங்க, சொல்லித் தருகிறேன்.