முன்வாசல் புல்லை எடுத்துவிட்டு அம்மாவுக்கு ஏற்ற மாதிரி செடி வைக்க வழி?

சிப்புட்மகள்:
மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் வீடு. அம்மாவுக்கு 76 வயது, முழங்கால் வலி, நாலுகால் தடி பிடித்துத்தான் நடக்கிறார். வாசலில் 30 அடிக்கு 20 அடி முழுக்க கவ் கிராஸ் (அகல இலைப் புல்), வேலியோரம் லாலாங் (உயரமாக வளரும் களைப்புல்). மழை மாதத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டியிருக்கிறது, ஆள் கிடைப்பதில்லை. களிமண், தண்ணீர் தேங்கும். சாமிக்குப் பூவும் கறிவேப்பிலையும் தன் கையால் பறிக்க வேண்டும் என்கிறார். மொத்தமும் கல் கொட்டிவிடலாமா? பக்கத்தில் ஒருவர் பழைய பாராகுவாட் களைக்கொல்லி தருகிறேன் என்கிறார்.

கொத்துவேலை:
கல் வேண்டாம் தங்கச்சி. கூழாங்கல் உருளும், தடி ஊன்றினால் புதையும். இலை விழுந்து மட்கியதும் கல்லிடுக்கில் புல் முளைக்கும், அதைக் குனிந்துதான் பிடுங்க வேண்டும்.

முதலில் நடைபாதையை முடிவு செய்யுங்கள். அகலம் 4 அடி, பின்னாளில் சக்கர நாற்காலி வந்தாலும் போதும். 7 அங்குலம் தோண்டி, 4 அங்குலம் கிரஷர் ரன் (ஜல்லியும் கல்தூளும் கலந்தது) கொட்டி இடித்து இறுக்குங்கள். மேலே 1 அங்குல மணல், அதன்மேல் 60 மில்லிமீட்டர் இன்டர்லாக் கல். 20 அடி நீளத்துக்கு இடிபட்டு இறங்குவதையும் சேர்த்து ஏறக்குறைய 1 கன மீட்டர் கிரஷர் ரன் வேண்டும். இரண்டு ஓரத்திலும் சிமெண்டில் கரை கட்டாவிட்டால் கல் விலகி மேடுபள்ளமாகும்; அரை அங்குல மேடே தடியைத் தட்டிவிடும். 4 அடி அகலத்துக்கு ஒரு பக்கம் 1 அங்குலம் சரிவு கொடுத்து, தண்ணீரைச் சாக்கடைப் பக்கம் விடுங்கள். தண்ணீர் நின்றால் பாசி பிடிக்கும். வழவழப்பான டைல் கூடவே கூடாது.

பாத்தி நிற்கும் உயரத்தில் இருக்கட்டும். 8 அங்குல சிமெண்ட் பிளாக் மூன்று வரிசை வைத்தால் 2 அடி. ஒரு பக்கத்திலிருந்துதான் கை நீட்டுவார் என்றால் உள் அகலம் 2 அடிக்கு மேல் போகக்கூடாது. அடியில் சிமெண்ட் பூசாதீர்கள், கீழ் வரிசையில் 3 அடிக்கு ஒரு துளை விடுங்கள்.

செம்மண்:
பாராகுவாட்டைத் தொடவே வேண்டாம். 2020 ஜனவரி முதல் நாட்டில் தடை, வாய்க்குள் போனால் மாற்று மருந்தும் கிடையாது. லாலாங்குக்கு அது உதவாது: இலை கருகும், மண்ணுக்கடியில் கிழங்குவேர் உயிரோடிருக்கும். மண்வெட்டியால் கொத்தினால் இன்னும் மோசம், துண்டுக்குத் துண்டு துளிர்க்கும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடியுங்கள். காலையில், இலை பச்சையாகவும் ஈரமில்லாமலும் இருக்கும்போது. அடுத்த ஆறு மணி நேரம் மழை வரக்கூடாது. இரண்டு மூன்று வாரம் பொறுத்து, துளிர்ப்பதற்கு மறுபடி. மருந்தே வேண்டாமென்றால் கருப்புப் பிளாஸ்டிக் விரித்து, ஓரத்தை மண்ணில் புதைத்து இரண்டு மாதம் விடுங்கள்; கவ் கிராஸ் சாகும், லாலாங் சந்தேகம்தான். அட்டைப்பெட்டி விரிக்காதீர்கள், கறையான் வீட்டுக்கே வரும்.

மிச்ச இடத்துக்கு மஞ்சள் பூ பூக்கும் அராக்கிஸ் பிந்தோய், தரையில் படரும் நிலக்கடலை இனக் கொடி. 8 அங்குலக் கொடித்துண்டு, அடிக்கு ஒன்று; 400 சதுர அடிக்கு 400 துண்டு. மழை தொடங்கும் மாதத்தில் நட்டால் மூன்று நான்கு மாதத்தில் மூடும். அதுவரை களை எடுக்கத்தான் வேண்டும், அந்த வேலையை அம்மாவிடம் விடாதீர்கள். பிறகு பாதைக்கு ஏறும் கொடியை மட்டும் அவ்வப்போது வெட்டினால் போதும். வாசற்படியைச் சுற்றி 3 அடிக்கு விடவேண்டாம், அடர்த்தியில் பாம்பு ஒளியும்.

சிப்புட்மகள்:
நன்றி அண்ணே. ஆலையிலிருந்து செம்பனை வெறுங்குலை (பழம் எடுத்தபின் மிஞ்சும் குலை) கிடைக்கும், மண்ணுக்கு மேலே மூடாக்காகப் போடலாமா? எந்தச் செடியை எங்கே வைப்பது?

வேலியோரம்:
வெறுங்குலையை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். குவித்தால் காண்டாமிருக வண்டு முட்டையிடும், பக்கத்துத் தென்னைக்கு ஆபத்து. பாதையை ஒட்டிப் போடாதீர்கள், காம்பு கால் தடுக்கும்.

பாத்தியில் மேல்மண் 3 பங்கு, மணல் 1, மட்கிய உரம் 1. மண் அமரும், ஆகையால் விளிம்புவரை நிரப்பி சில வாரம் கழித்து மறுபடி சேர்க்கவும். துளசி, மல்லிகை, பண்டான் (ரம்பை) அங்கே. நந்தியாவட்டை, செம்பருத்தி, இட்லிப்பூ தரையில், பாதையிலிருந்து 2 அடி தள்ளி, இடுப்புயரத்தில் வெட்டி வைக்க வேண்டும். கறிவேப்பிலையும் தரையில், நல்ல வெயிலில். 5 அடியில் நுனியைக் கிள்ளினால் கைக்கெட்டும், அடியில் கிளம்பும் கன்றுகளை எடுத்துவிடுங்கள். செராய் (எலுமிச்சைப்புல்) வேலியோரம், அதன் இலை கையை அறுக்கும். காகிதப்பூ வேண்டாம், முள்.

பூந்தொட்டி வைத்தால் அடியில் தட்டு வைக்காதீர்கள். தேங்கிய தண்ணீரில் டெங்கி பரப்பும் ஏடிஸ் முட்டை ஏழெட்டு நாளில் கொசுவாகிவிடும். குழாயை வீட்டுச் சுவரில் விடாமல் பாத்தி முனைக்கே இழுத்து, இடுப்புயரத்தில் நெம்புகோல் வகையாகப் போடுங்கள். திருகுகிற குழாய் வலிக்கிற விரலுக்கு ஒத்துவராது.