அறுபதாம் கல்யாணப் பரிசு: 5,000 ரூபாய்க்குள் ஹெட்போன், ஒயரா புளூடூத்தா?

தெற்குவாசல்:
மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம் வருது. ஹெட்போன் வாங்கிக் கொடுக்கலாம்னு இருக்கோம், எல்லாம் சேர்த்து 5,000 ரூபாய்க்குள். தினமும் ரெண்டு மணி நேரம் பாட்டு கேட்பார். பெரும்பாலும் யூடியூப்ல பழைய கச்சேரிகள், மிச்சம் எண்பதுகளின் சினிமாப் பாட்டு. மூக்குக்கண்ணாடி போடுவார். ஆண்ட்ராய்டு போன், டைப்-சி மட்டும்தான், 3.5 மி.மீ. ஜாக் கிடையாது. எது வாங்கலாம்? ஏன்னு காரணத்தோட சொல்லுங்க.

செப்புக்கம்பி:
ஒயர் உள்ளதையே வாங்குங்கள். ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்20எக்ஸ், கூடவே ஒரு டைப்-சி டாங்கிள் (போனின் டைப்-சி ஓட்டையில் செருகி ஹெட்போன் ஒயரை இணைக்கும் சிறு கருவி). தள்ளுபடி பார்த்து வாங்கினால் இரண்டும் உங்கள் தொகைக்குள் அடங்கலாம்.

இந்த விலையில் வரும் புளூடூத் ஹெட்போன்கள் பெரும்பாலும் பேஸை, அதாவது அடிப்பகுதி ஒலியை, தூக்கி டியூன் செய்யப்பட்டவை. கச்சேரிக்கு அதுதான் முதல் எதிரி. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலின் மத்திய ஸ்தாயி ஸட்ஜம் (நடு ‘ஸ’) சுமார் 131 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலுக்கு 196. 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை தூக்கி வைத்தால் மிருதங்கத்தின் தொப்பியில் (இடப்பக்கத்தில்) விழும் கும்கி எனும் கனத்த அடி ஒவ்வொன்றும் குரலின் கீழ்ப் பகுதியை மூடிவிடும். தம்புராவின் ஜீவா (தந்திக்கு அடியில் வைக்கும் நூல் தரும் நுண்ணிய நாதம்) கேட்காது, வெறும் ரீங்காரம்தான் மிஞ்சும். எம்20எக்ஸ் அந்தப் பகுதியில் ஓரளவு அடக்கமாக இருக்கும்.

ரீங்காரம்:
சார், அந்த ஹெட்போன் கேபிள் 3 மீட்டர். கழற்றவும் முடியாது. அதன் முனையில் ஒரு டாங்கிள், அதன் முனையில் போன். பாட்டு கேட்கும்போது போனை சார்ஜில் போட முடியாது, ஒரே ஓட்டைதானே. அறுபது வயசுக்காரர் நாலு நாள் பொறுமையா போடுவார், அப்புறம் அது அலமாரிக்குப் போயிடும்.

சோனி டபிள்யூஎச்-சிஎச்520 வாங்குங்க. 147 கிராம்தான். ஒருமுறை சார்ஜ் செய்தா 50 மணி நேரம்னு சோனி சொல்றாங்க. தினம் ரெண்டு மணி நேரம்னா மூணு வாரத்துக்கு மேல தாங்கும். ஒரே நேரத்தில் ரெண்டு கருவியோட இணையும். பேஸ் ஜாஸ்தின்னா சோனி செயலியில ஈக்வலைசர் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியா ஏத்தி இறக்குற வசதி) இருக்கு, கீழ்ப்பகுதியை 3, 4 டெசிபல் குறைச்சா போதும்.

புளூடூத்ல தரம் போயிடும்னு அடுத்து யாராவது சொல்வாங்க. இவர் கேட்கிறது யூடியூப்ல ஏத்தின பழைய கேசட், ரேடியோ பதிவு. மேல்பகுதி ஒலி அதுல ஏற்கெனவே இல்லை. புளூடூத்ல ஒலியைச் சுருக்கி அனுப்புற முறையைத்தான் கோடெக்னு சொல்றாங்க, அதுல ஏஏசியே தாராளம். எல்டாக்ங்கிற உயர்தரக் கோடெக்கோட 990 கிலோபிட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கிறது வீண்.

செப்புக்கம்பி:
கோடெக் விஷயத்தில் சண்டை இல்லை, நீங்கள் சொல்வது சரி. என் பிரச்சினை வேறு. சிஎச்520-இல் 3.5 மி.மீ. உள்ளீடே கிடையாது. பேட்டரி தளர்ந்த பிறகு ஒயர் போட்டுக் கேட்க வழியில்லை. லித்தியம் பேட்டரி நம் ஊர் வெயிலில் முழு சார்ஜோடு கிடந்தால் சீக்கிரம் தேயும். எம்20எக்ஸில் தேய்வது மெத்தையும் கேபிளும்தான். மெத்தையின் ரெக்சின் வியர்வையிலும் ஈரக் காற்றிலும் உரியத்தான் செய்யும், ஆனால் மாற்று மெத்தை தனியாகக் கிடைக்கிறது. கேபிள் அறுந்தால் சால்டரிங் தெரிந்த கடைக்காரர் சரிசெய்துவிடுவார். பரிசு என்றால் பல வருடம் உழைக்க வேண்டும்.

சுருதிப்பெட்டி:
இருவருமே கண்ணாடியைக் கவனிக்கவில்லை. எம்20எக்ஸ் போலக் காதைச் சுற்றி மூடும் வகையில், கண்ணாடிக் கம்பி மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு சந்து விடும். அந்தச் சந்து வழியாகப் போவது அடிப்பகுதி ஒலி. தடித்த பிளாஸ்டிக் கம்பி என்றால் மிருதங்கத்தின் கனமே குறைந்துவிடும். சிஎச்520 காதின் மேலேயே உட்காரும் வகை. அதில் காதுமடல் கம்பியோடு சேர்ந்து நசுங்கும், ஒரு மணி நேரத்தில் வலிக்கத் தொடங்கும்.

காஸ் போர்ட்டா புரோவைப் பாருங்கள். 1984 முதல் விற்பனையில் இருக்கும் வடிவம், மெல்லிய பஞ்சு. இதுவும் காதின் மேல்தான் உட்காரும். ஆனால் காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுப் பக்கம், தனியாக ஒரு சிறு மெத்தை உண்டு. அங்கேயுள்ள விசையைத் தளர்த்தினால் அழுத்தம் காதிலிருந்து அந்த மெத்தைக்கு மாறும். திறந்த வகை என்பதால் காலிங்பெல்லும் கேட்கும், காதும் வேர்க்காது.

செப்புக்கம்பி:
போர்ட்டா புரோவிலும் பேஸ் மேடு இருக்கிறதே. நான் எதைத் தவிர்க்கச் சொன்னேனோ அதுவே.

சுருதிப்பெட்டி:
இருக்கிறது, மறுக்கவில்லை. ஈக்வலைசரில் அடக்கலாம். கண்ணாடி வலியை ஈக்வலைசரில் அடக்க முடியாது.

ரீங்காரம்:
திறந்த வகையில இன்னொரு ஆபத்து இருக்கு. மின்விசிறி, டி.வி., மிக்ஸி எல்லாம் உள்ளே வரும், அதைத் தாண்டிக் கேட்க வால்யூமை ஏத்துவாங்க. உலக சுகாதார அமைப்போட கணக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். மாமா வாரம் 14 மணி நேரம் கேட்கிறார்னா 84 டெசிபலோட நிறுத்திக்கணும். சத்தமான இடத்துல உட்கார்ந்து கேட்கிறவருக்குத் திறந்த வகை சரிவராது.

தெற்குவாசல்:
கூடத்துலதான் கேட்பார், டி.வி. ஓடிக்கிட்டே இருக்கும். கண்ணாடிக் கம்பி மெல்லிசான உலோகம். டாங்கிள் எதுன்னாலும் ஓடுமா?

சுருதிப்பெட்டி:
கூடத்தில் டி.வி. ஓடுகிறதென்றால் போர்ட்டா புரோ வேண்டாம். மெல்லிய உலோகக் கம்பி எம்20எக்ஸின் மெத்தையில் ஓரளவு புதைந்துகொள்ளும், சந்து சிறிதாகத்தான் இருக்கும்.

செப்புக்கம்பி:
எல்லா டாங்கிளும் ஓடாது. மலிவான சிலவற்றில் உள்ளே ஒன்றும் இருக்காது, வெறும் கம்பி இணைப்புதான். போனே டைப்-சி வழியாக அனலாக் ஒலியை அனுப்பினால் மட்டும் அவை வேலை செய்யும், பல போன்கள் அனுப்புவதில்லை. பெட்டியில் டேக் (DAC, டிஜிட்டலை அனலாக் ஒலியாக மாற்றும் சிப்) இருப்பதாகப் போட்டிருப்பதையே வாங்குங்கள். ஆப்பிள் டாங்கிளின் தரம் அருமை, ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் அதன் வால்யூம் முழுதாக ஏறாது. அதைத் தவிருங்கள்.

பவர் போதுமா என்ற கவலை வேண்டாம். 1 வோல்ட் தரும் டாங்கிளில் 47 ஓம் ஹெட்போனுக்கு 21 மில்லிவாட் கிடைக்கும். எம்20எக்ஸ் 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். கணக்குப்படி 109 டெசிபல் வரை போகும். 84-ஐத் தாண்டாமல் கேட்கப் போகிறவருக்கு இது மிக அதிகம். தனியாக ஆம்ப்ளிஃபயர் தேவையில்லை.

ரீங்காரம்:
சில நிறுவனப் போன்கள்ல ஓடிஜியை (போன்ல வெளிக் கருவியைச் செருகிப் பயன்படுத்துற வசதி) செட்டிங்ஸ்ல போய் ஆன் செய்யணும். கொஞ்ச நேரம் பயன்படுத்தலைன்னா தானா அணைஞ்சிடும், அடுத்த நாள் டாங்கிளைச் செருகினா சத்தமே வராது. மாமா போன் அந்த மாதிரின்னா தினமும் யாராவது ஆன் செஞ்சு தரணும். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் சிஎச்520-ஐ விட மாட்டேன். காது வலி பயம்னா ஏதாவது ஷோரூம்ல கண்ணாடியோட அரை மணி நேரம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க.

செப்புக்கம்பி:
பரிசை முன்கூட்டியே போட்டுப் பார்க்கச் சொன்னால் அப்புறம் அது பரிசா? தெற்குவாசல், முதலில் மாமா போனின் செட்டிங்ஸில் ஓடிஜி என்று தேடுங்கள். அந்த விருப்பமே இல்லையென்றால் டாங்கிள் செருகியதும் ஓடும், எம்20எக்ஸ் வாங்குங்கள். இருந்தால் ரீங்காரம் சொல்வதுதான் சரி, புளூடூத்துக்குப் போங்கள்.

தெற்குவாசல்:
தேடிப் பார்த்தேன், அப்படி ஒண்ணும் இல்லை. எம்20எக்ஸே ஆர்டர் போடுறேன்.

சுருதிப்பெட்டி:
விசேஷத்துக்கு முதல் நாள் கையில் கிடைக்கும்படி போடாதீர்கள். பல இணையக் கடைகள் ஹெட்போனுக்குப் பணம் திருப்பித் தருவதில்லை, குறித்த நாளுக்குள் மாற்றித் தருவதோடு சரி. வந்ததும் பெட்டியைக் கிழிக்காமல் திறந்து, மாமா போனிலேயே டாங்கிளோடு செருகிப் பாருங்கள். இடது, வலது சோதனை ஒலி யூடியூபில் கிடைக்கும். பிறகு 30 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியைக் குறைந்த வால்யூமில் ஓடவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கரகரத்தால் டிரைவரில் (ஒலி எழுப்பும் பாகத்தில்) குறை, உடனே மாற்றக் கேளுங்கள். எல்லாம் சரியென்றால் கேபிளைக் காதுக்கூட்டின் அடியில் மடிக்காமல் பெரிய வளையமாகச் சுற்றி வையுங்கள், அறுவது அந்த இடத்தில்தான்.