மறு: ‘டம்ளிங்’ என்பதற்குத் தமிழ் – உருட்டலா, துலக்கலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சுட்டுமுடித்த தோட்டாவின் பித்தளை ஓட்டை இயந்திரத்தில் போட்டுச் சுத்தம் செய்வதை ஆங்கிலத்தில் டம்ளிங் என்கிறார்கள், நம் சொல்லடைவில் அதற்கு என்ன போடுவது என்பதுதான் கேள்வி. இழை நீண்டுகொண்டே போகிறது, ஆளுக்கொரு சொல் போட்டாயிற்று, ஆனால் அந்த வேலை எப்படி நடக்கிறது என்று யாரும் எழுதவில்லை. அது தெரியாமல் சொல் கட்டினால் பிறகு யாரும் புழங்கமாட்டார்கள். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுட்டபின் விழும் பித்தளை ஓட்டைப் பொறுக்கி, சுத்தம் செய்து, புது பிரைமர் (அடியில் இருக்கும், அடித்தால் தீப்பொறி தரும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு எல்லாம் வைத்து மறுபடி தோட்டாவாக்குவது அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் பலர் வீட்டிலேயே செய்கிற வேலை. ஒரு தோட்டாவில் விலை கூடிய பகுதியே அந்த ஓடுதான், அதையோ பல தடவை பயன்படுத்தலாம். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்கக் கூடாது. ஆகவே நம் ஊரில் இதற்கு வழக்குச் சொல் இல்லாததில் வியப்பில்லை.

முதலில் அந்த ஓட்டுக்கு ஒரு பெயர். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் பாயும் குண்டையும் தோட்டா என்கின்றன, முழுத் தோட்டாவையும் தோட்டா என்கின்றன, சுட்டுமுடித்த ஓட்டைக் காலித் தோட்டா என்கின்றன. இங்கே அது உதவாது. யாழ்ப்பாணத்து நண்பர் முன்வைத்த ‘கோது’ எனக்குப் பிடித்திருக்கிறது. முட்டைக்கோது என்று அவர்கள் சொல்வதில் உள்ள அதே கோது. தோட்டாக்கோது, சுருக்கமாகக் கோது. கீழே அப்படியே எழுதுகிறேன்.

> டம்ளிங் = உருட்டல். ஒரே சொல் போதும், குழப்ப வேண்டாம்.

ஐயா, இதில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஆங்கிலத்தில் டம்ளிங் என்று ஒரே பெயரில் வழங்குவது இரண்டு வேறு வேலைகள். ஒன்றில் உண்மையாகவே உருளை சுழல்கிறது. இன்னொன்றில் எதுவும் உருளுவதில்லை. கிண்ணம்போல ஒரு பாத்திரம், அடியில் மோட்டார், அது அதிர அதிர உள்ளே இருக்கும் தூளும் கோதும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு மெல்லச் சுற்றி வரும். இதை உருட்டல் என்றால் படிப்பவர் தப்பான இயந்திரத்தை வாங்கிவிடுவார்.

டம்ளர் என்று ஒலிபெயர்த்துவிடலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம். ‘கோதுகளை டம்ளரில் போட்டு மூன்று மணி நேரம் விடவும்’ என்று எழுதினால் நம்மாள் காபி டம்ளரைத்தான் எடுப்பார்.

சரி, முறைகளுக்கு வருகிறேன். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் உள்ள வேறுபாடு சொல்லிலும் தெரிய வேண்டும் என்பதுதான் என் கட்சி.

அதிர்வு முறை உலர்ந்தது. உள்ளே போடுவது பொடித்த மக்காச்சோளச் சக்கை அல்லது வால்நட் ஓட்டுத் தூள். வால்நட் கடினம், கரியைச் சுரண்டும். சோளச் சக்கை மென்மை, பளபளப்பு தரும். தண்ணீரே இல்லாததால் காயவைக்கும் தொல்லை இல்லை, சல்லடையில் கொட்டிச் சலித்தால் முடிந்தது. கோதின் உட்புறமும் பிரைமர் குழியும் மட்டும் அவ்வளவாகச் சுத்தமாகாது. பிரைமரைக் கழற்றிவிட்டுப் போட்டால், பிரைமரின் தீ உள்ளே போகும் சின்னத் தீத்துளையில் ஒரு துணுக்கு சிக்கிக்கொள்ளும், ஒவ்வொன்றாகப் பார்த்துக் குத்தி எடுக்க வேண்டும். இதைவிடப் பெரிய விஷயம் தூசி. பெரும்பாலான பிரைமர்களில் ஈயம் கலந்த வேதிப்பொருள் இருக்கிறது. வெடித்தபின் மிஞ்சும் ஈயம் அந்தத் தூளில் சேர்ந்துகொண்டே போகும், சலிக்கும்போது மூக்குக்குள் போகும். திறந்த வெளியில் சலிக்க வேண்டும், முகமூடி போட வேண்டும், கை கழுவ வேண்டும், குழந்தைகளைப் பக்கத்தில் விடக் கூடாது. சொல்லடைவில் இந்த எச்சரிக்கைக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

உருளை முறை ஈரமானது. தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம், சிட்ரிக் அமிலம் ஒரு சிட்டிகை, இவற்றோடு கம்பியை நறுக்கியதுபோன்ற சின்னச் சின்ன எவர்சில்வர் ஊசிகள். உருளை சுழல இந்த ஊசிகள் கோதுக்குள்ளும் பிரைமர் குழிக்குள்ளும் புகுந்து கரியை அடித்து எடுத்துவிடும், புதுசுபோல வெளியே வரும். இணையத்தில் தங்கள் கோதுகளைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் போடுவார்கள். ஆனால் பிரைமரை முன்னாடியே கழற்ற வேண்டும், ஊசிகளைப் பிரிக்க வேண்டும், ஒரு கோதுக்குள்கூட ஊசி தங்கவில்லை என்று பார்க்க வேண்டும், பிறகு நன்றாகக் காயவைக்க வேண்டும். அடுப்பில் வைத்தால் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்ட விடாதீர்கள். அதிகச் சூட்டில் பித்தளை இளகும், கோதின் அடிப்பகுதி இளகினால் சுடும்போது அழுத்தம் தாங்காது. நெடுநேரம் ஓடவிட்டால் கோதுகள் ஒன்றையொன்று மோதி வாய் விளிம்பு நசுங்கும். இன்னொன்று, குண்டைப் பிடித்திருக்கும் கோதுக் கழுத்தின் உட்புறம் அளவுக்கு மீறிச் சுத்தமாகிவிட்டால் குண்டு வழுக்கிக்கொண்டு இறங்காது, இழுத்துப் பிடிக்கும். அதனால் சிலர் கழுத்தில் கொஞ்சம் கிராஃபைட் தூள் தடவுகிறார்கள். கழுவிய அழுக்குத் தண்ணீரிலும் ஈயம் உண்டு, சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

மூன்றாவது மீயொலித் தொட்டி. மனிதக் காதுக்கு எட்டாத ஒலியலை நீரில் நுண்குமிழ்களை உண்டாக்கி உடைக்கிறது, அந்த அதிர்ச்சியில் அழுக்கு விடும். உள்ளேயும் சுத்தமாகும், பளபளப்பு மட்டும் வராது. நான்காவது, இயந்திரமே இல்லாமல் சிட்ரிக் அமிலக் கரைசலில் சில நிமிடம் ஊறப்போட்டு அலசுவது. புளி போட்டுப் பித்தளைக் குடம் தேய்த்த வீடுகளில் இந்த வேதியியல் புதிதல்ல, அமிலம்தான் வேறு. அதிக நேரம் ஊறினால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கழன்று செம்பு மட்டும் மேலே நிற்கும், கோது இளஞ்சிவப்பாகத் தெரியும். தோட்டாப் பித்தளை என்பது சுமார் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். அந்த 30 போனால் வலுவும் போகும்.

> அம்மோனியா கலந்த பித்தளை பாலிஷ் போட்டால் சீக்கிரம் வேலை முடியுமே?

முடியும், கோதும் முடிந்துவிடும். இதன் கதை இந்தியாவில்தான் நடந்தது. ஆங்கிலேயர் படையின் தோட்டாக்களை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தார்கள். சுடாமலேயே கோதுகள் விரிசல் விட்டுப் பிளந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியா, இழுத்து உருவாக்கிய பித்தளையில் தங்கியிருந்த உள்தகைவு (உள்ளுக்குள் இருக்கும் இறுக்கம்), மழைக்கால ஈரம், மூன்றும் சேர்ந்த வினை அது. 1921-இல்தான் இதற்கு முழு விளக்கம் கிடைத்தது. ஆங்கிலத்தில் ‘சீசன் கிராக்கிங்’ என்பது இதைத்தான். அகராதியைப் பார்த்துப் பருவ விரிசல் என்று போட்டுவிடாதீர்கள். அங்கே சீசன் என்றால் மழைக்காலம், ஆகவே மழைக்கால விரிசல். பாடநூல் நடையில் வேண்டுமானால் தகைவு அரிப்பு விரிசல்.

இப்போது சொல். கரியையும் களிம்பையும் எடுப்பதுதான் எல்லா முறைக்கும் பொது. அதற்குத் தமிழில் ஏற்கெனவே வினை இருக்கிறது: பாத்திரம் துலக்குகிறோம், பல் துலக்குகிறோம். விளக்கு என்ற வினையும் உண்டு, குத்துவிளக்கை விளக்கி வைப்பது எனக்குப் பிடித்த பிரயோகம்தான், ஆனால் கையேட்டில் ‘கோது விளக்கம்’ என்று வந்தால் ஏதோ உரையாசிரியர் வேலை என்று நினைப்பார்கள். துலக்கலில் அந்தச் சிக்கல் இல்லை. அதிர்வுத் துலக்கல், உருளைத் துலக்கல், மீயொலித் துலக்கல், ஊறவைத்துத் துலக்கல். கருவிக்கு அதிர்வுத் துலக்கி, உருளைத் துலக்கி. முறை என்ன, அதற்கு என்ன வாங்க வேண்டும் என்பது பெயரைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

உள்ளே போடும் தூளையும் ஊசியையும் ஆங்கிலத்தில் ‘மீடியா’ என்கிறார்கள், அதற்கு ஊடகம் என்று பட்டியலில் கிடக்கிறது. அதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள் அக்கா, சோளச் சக்கை ஊடகம் என்றால் செய்தி சேனல் மாதிரி இருக்கிறது. தேய்பொருள் போதும்: உலர் தேய்பொருள், ஊசித் தேய்பொருள். பிரைமருக்கு முன்பூச்சு என்று யாரோ போட்டிருக்கிறார்கள், அது சுவருக்கு அடிக்கிற பெயிண்ட். பிரைமரைப் பிரைமராகவே விடலாம் என்பது என் எண்ணம்.

எதைத் தேர்வது என்று கேட்டிருந்த நண்பருக்கு: துலக்குவதன் முதல் காரணம் பளபளப்பு இல்லை, மணலும் கரியும் போய், கோதை மறுபடி சரியான அளவுக்கு அழுத்தும் அச்சை (டையை) அவை கீறாமல் காப்பதுதான். கைத்துப்பாக்கிக் கோது மூட்டை மூட்டையாக இருந்தால் அதிர்வுத் துலக்கியே போதும், அதற்கு மேல் செலவழிப்பது ஆசைக்குத்தான். நெடுந்தூரம் சுடும் ரைபிள் கோது, பிரைமர் குழியும் சுத்தமாக வேண்டும் என்றால் உருளை. எப்போதாவது கொஞ்சம்தான் என்றால் எதுவும் வாங்காதீர்கள், ஊறவைத்துத் துலக்குங்கள், நேரத்தை மட்டும் கடிகாரத்தில் பாருங்கள்.

மறுப்பு இருப்பவர்கள் இந்த வாரத்துக்குள் எழுதினால் பட்டியலைத் திருத்திவிடலாம். ‘பிரைமர் பாக்கெட்’ இன்னும் முடிவாகவில்லை, நான் மேலே குழி என்றே எழுதியிருக்கிறேன். வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள், பை என்று மட்டும் வேண்டாம்.