புதுக் கவுன்சிலரிடம் முதலில் எதைக் கேட்பது: சாலையா, கணக்கா?

தெருமுனை:
2022 மார்ச் 2-ல பதவியேத்த சென்னை மாமன்றத்துக்கு ஆயுள் அஞ்சு வருஷம். அடுத்து ஜெயிச்சு வர்றவங்க கையில முதல் வாரமே கொடுக்க, குடியிருப்போர் சங்கங்களுக்கு ஒரு பொது மனு எழுதி வைக்கலாம். என் பட்டியல்: உட்புறச் சாலை எல்லாம் புதுசா போடணும், விட்டுப்போன தெருக்களுக்கு மழைநீர் வடிகால் வரணும், எரியாத தெருவிளக்கு ஒண்ணுகூட இருக்கக் கூடாது. 100 நாள் கெடு.

நாவல்மரம்:
இதை இப்படியே கொடுத்தால் "பார்க்கிறேன்" என்ற பதில்தான் கிடைக்கும். எஸ்டிமேட் போடுவது பொறியாளர்கள். டெண்டரும் பணி ஆணையும் ஆணையருக்குக் கீழே உள்ள நிர்வாகத்தின் வேலை. கவுன்சிலர் பரிந்துரைக்கிற வார்டு மேம்பாட்டு நிதி, வார்டு முழுக்கச் சாலை போடக் காணாது.

துறைகளையும் பிரித்து எழுத வேண்டும். பாதாளச் சாக்கடையும் குடிநீரும் குடிநீர் வாரியத்துடையவை. தெருவோர மின்பெட்டி (பில்லர் பாக்ஸ்) மின்வாரியத்துடையது, தெருவிளக்கு மாநகராட்சியுடையது. மாநகராட்சிக்குள்ளேயே பேருந்து ஓடும் சாலைக்குத் தனித் துறை இருக்கிறது. எந்தத் துறை என்று எழுதாத மனு மேசைக்கு மேசை அலையும்.

தெருமுனை:
ஓட்டுப் போட்டவங்க இவ்வளவும் படிச்சுட்டு வந்துதான் கேக்கணுமா? 2022-ல சொத்துவரி ஏறினப்போ குடியிருப்புகளுக்கு 25 முதல் 150 சதவீதம் வரை ஏறுச்சு. அப்போ எந்தத் துறைன்னு யாரும் நம்மகிட்ட கேக்கல. எது யார் வேலைன்னு கண்டுபிடிச்சு, அவங்களை ஒரே இடத்துல நிக்க வைக்கிறதுதான் கவுன்சிலரோட வேலை. மாசம் ஒரு நாள், காலை ஏழு மணிக்கு, மூணு துறை உதவிப் பொறியாளர்களோட தெருத்தெருவா நடக்கணும். இதையும் மனுவுல சேர்க்கிறேன்.

கருங்கல்:
கூட்டு ஆய்வைக் கண்டிப்பா சேருங்க. ஆனா "புதுச் சாலை"யை முதல் வரியில இருந்து எடுத்துடுங்க சார். சாக்கடைக் குழாய், குடிநீர்க் குழாய், வீட்டு இணைப்புகள், கேபிள், வடிகால் எல்லாம் முடிஞ்ச பிறகுதான் சாலை. இந்த வரிசை மாறினா மூணாவது மாசமே தோண்டுவாங்க. தோண்டின பள்ளத்தை அடுக்கடுக்கா கெட்டிக்காம மண்ணைத் தள்ளி மூடினா முதல் மழையிலேயே உள்வாங்கும்.

பழைய தாரைச் சுரண்டி எடுக்காம மேலயே போடுறது இன்னும் பெரிய கெடுதல். ஒவ்வொரு தடவையும் 40 மி.மீ. ஏறினா மூணு தடவையில 120 மி.மீ. வாசற்படி ஒண்ணு காணாமப் போயிடும், மழைத்தண்ணி வீட்டுக்குள்ள வரும். "மில்லிங் (பழைய தாரைச் சுரண்டுறது) எத்தனை மி.மீ., போடுறது எத்தனை மி.மீ." ரெண்டையும் பணி தொடங்கும் முன்னாடி தெருவில பலகையா வைக்கணும்னு கேளுங்க. சுரண்டின தரையைத் தூசி போகக் கூட்டி, டேக் கோட் (கலவை ஒட்டிப் பிடிக்க அடிக்கிற மெல்லிய தார்ப் பூச்சு) அடிச்ச பிறகே கலவை கொட்டணும். அது இல்லேன்னா தார் தோல் மாதிரி உரியும். கெட்டித்த பிறகு 40 மி.மீ. நிக்கணும்னா கொட்டும்போது சுமார் 50 மி.மீ. வேணும். கலவை 100 டிகிரிக்குக் கீழே ஆறிப்போனா ரோலர் எத்தனை தடவை ஓடினாலும் இறுகாது. சாலை நடுவுல இருந்து ஓரத்துக்கு மீட்டருக்கு 20, 25 மி.மீ. வாட்டம் இருக்கணும். மேன்ஹோல் மூடி தளத்தோட சமமா நிக்கணும்.

தெருமுனை:
சாக்கடை வேலை முடியற வரைக்கும் ரெண்டு வருஷம் பள்ளத்துல விழுந்து எழணுமா? வயசானவங்க இருக்கிற தெருவுல இந்த வரிசையை நான் ஏத்துக்க மாட்டேன்.

கருங்கல்:
அதுக்கு ஒட்டு வேலை இருக்கு, ஒழுங்கா செய்யணும். பள்ளத்தைச் சதுரமா, ஓரம் செங்குத்தா வெட்டி, ஈரமும் தூசியும் நீக்கி, டேக் கோட் அடிச்சு, சூடான கலவையைக் கொஞ்சம் மேடா நிரப்பிக் கெட்டிக்கணும். தண்ணி தேங்கின குழியில கலவையைக் கொட்டிட்டுப் போனா ஒரு வாரம்கூடத் தாங்காது. புகார் வந்த ஏழு நாளுக்குள்ள ஒட்டு வேலைன்னு மனுவுல எழுதுங்க, அது கேக்கக்கூடியது.

வேப்பம்பூ:
மூணு பேருமே பகுதி சபையைச் சொல்லவில்லை. வார்டைப் பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் கூடிப் பேசும் சபை அது. 2022-ல் அதற்கு விதிகள் வந்தன. பகுதிப் பிரதிநிதிகள் அடங்கிய வார்டு குழுவுக்குக் கவுன்சிலர்தான் தலைவர். "அடுத்த கூட்டம் எந்தத் தேதி, தீர்மான நகல் எங்கே ஒட்டப்படும்" என்று முதல் நாளே எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று. உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு. உறுப்பினர் பெண்ணாக இருந்தால், தயவுசெய்து அவர் கணவரிடம் மனுவைக் கொடுக்காதீர்கள். கூட்டத்தில் பேசி, கையெழுத்துப் போட்டு, பதில் சொல்ல வேண்டியவர் அந்த அம்மாதான்.

தெருமுனை:
கணவர் விஷயத்துல முழுச் சம்மதம், மேடம். பகுதி சபையில எனக்கு நம்பிக்கை இல்ல. பகுதிப் பிரதிநிதிகள் நியமனம்தானே, யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலையே.

நாவல்மரம்:
நியமனம் என்பது குறைதான். ஆனாலும் அங்கே தீர்மானமாகப் பதிவானால் நாளை கேள்வி கேட்க ஒரு தாள் இருக்கும். போன் பேச்சுக்கு அது கிடையாது. மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி உதவி எண்ணில் விளக்குப் புகார் சொல்லும்போதுகூடக் கம்பத்தின் எண்ணைச் சொல்லி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த எண்கள்தான் கவுன்சிலருக்கு ஆயுதம், மாமன்றத்தில் அதை வைத்து அவர் கேட்கலாம்.

பணி முடிந்ததும் எஸ்டிமேட், செய்த வேலையின் அளவுகளைப் பொறியாளர் பதியும் அளவுப் புத்தகம் இரண்டின் நகலையும் கவுன்சிலரே வாங்கித் தரட்டும். தராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம், பதிலுக்கு 30 நாள். பணியை நேரில் பார்வையிடவும், பொருளின் மாதிரி எடுக்கவும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு. இதை நிறையப் பேர் பயன்படுத்துவதே இல்லை.

தெருமுனை:
சரி, "எல்லா உட்புறச் சாலையும்" என்பதை எடுத்துட்டேன். ஏழு நாள் ஒட்டு வேலை, மில்லிங் பலகை, மாதாந்தர நடை, பகுதி சபைத் தேதி, கணக்கு நகல் சேர்ந்தாச்சு. வடிகாலை விட மாட்டேன்.

கருங்கல்:
விடாதீங்க, ஆனா "வடிகால் கட்டு"ன்னு மட்டும் எழுதாதீங்க. தண்ணி போய்ச் சேர்ற கால்வாயோட லெவல் என்னன்னு முதல்ல கேளுங்க. கடைசி முனை கால்வாய்த் தண்ணிமட்டத்துக்குக் கீழே இருந்தா மழையில தண்ணி எதிர்த்து வரும். வடிகால்ல வீட்டுக் கழிவுநீர் இணைப்பு எத்தனை இருக்குன்னும் கணக்கெடுக்கச் சொல்லுங்க. அடுத்து வண்டல் வடிகட்டித் தொட்டி. அது இல்லாத வடிகால் சீக்கிரமே மண்ணால தூர்ந்துடும். தூர்வாருறது செப்டம்பருக்குள்ள முடியணும். அள்ளின சேற்றை அன்னிக்கே லாரியில ஏத்தணும். ஓரத்துல குவிச்சா ஒரு மழையில திரும்ப உள்ளேயே போயிடும்.